ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை. இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவள் நான்தான். தோட்டம் இருக்கும் நிவித்திகலைப் பக்கம் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அங்கே மழை கிழமை பார்த்துப் பெய்வதில்லை. ஆனால் என்னிடம் மழையளவு வரைபடம் இருந்தது. வரைபடம் வைத்திருப்பவளோடு யார் வாதாடுவது?

நான் புள்ளிவிபரவியல் படித்தவள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து பட்டம் வாங்கியவள் என்று கோயில் திருவிழாவில் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திமிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. இரத்தினபுரியில் மண்சரிவு அபாயத்தைக் கணிக்கும் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. எந்த லயத்து ஆட்களை முதலில் வேறு காணிக்கு மாற்றுவது என்று நாங்கள்தான் வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்து மேட்டு லயமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதன் மூன்றாவது காம்பராவில் என் அக்கா, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். அடுப்படிச் சுவரில் விழுந்திருந்த வெடிப்புக்குள் கரண்டியைச் செருகி வைக்கலாம். அக்கா செருகியும் வைத்திருந்தாள்.

அலுவலகத்தில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கமாட்டார்கள். உலகத்தில் யார் யாரோ எழுதி, யாரும் எடுக்கலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டுவைத்திருக்கும் இலவசப் பெக்கேஜுகளில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. மீன் முட்டைகளை எண்ண ஒன்று, வௌவால் சத்தத்தை இனம் பிரிக்க ஒன்று, மழையளவை ஆராய ஒன்று. மழைப் பெக்கேஜை எங்கோ குளிர் நாட்டில் ஒரு மனிதர், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, தனி ஆளாகப் பராமரித்துவந்தார். எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று அதன் உரிமப் பத்திரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லயத்துக் கூரையைப் பற்றித் தோட்டத்தில் யாரும் இவ்வளவு நேர்மையாக எழுதித் தந்ததில்லை. கையேடும் இருந்தது. நான் படிக்கவில்லை. பட்டதாரிக்குக் கையேடு எதற்கு?

தோட்டத்து ஆபீசிலிருந்து மழைப் புத்தகத்தை வாங்கி வந்து நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். கிளாக்கர் ஐயா தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து முத்துமுத்தாக எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு சின்னக் கோடு. கோட்டைக் கண்ட இடமெல்லாம் யோசிக்காமல் பூச்சியம் போட்டேன்.

அந்தப் பெக்கேஜுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நம்ப முடியாத அளவுகளைக் கண்டால், நம்மைத் தொந்தரவு செய்யாமல் தானே ஒதுக்கிவிடும். ஞாயிறு வெறும் பூச்சியமாகவும் திங்கள் வெள்ளக்காடாகவும் இருந்ததால் திங்கட்கிழமைகளில் பாதியை ஒதுக்கிவிட்டது. மிச்சமிருந்தது பரம சாதுவான மழை. மேட்டு லயத்துக்கு அபாயம் குறைவு என்று முடிவு வந்தது. லயம் பட்டியலின் அடிக்குப் போனது. எங்கள் அலுவலகப் பெரியவர் கையெழுத்து வைத்து மேலே அனுப்பிவிட்டார்.

அக்காவின் லயம் அடியில் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தரவுகளைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை அதிசயம் கண்ணில் பட்டது. பொங்கிவிட்டேன். பெக்கேஜின் இணையப் பக்கத்தில் நான்கு பத்தி முறைப்பாடு எழுதினேன். பனியை அளக்கச் செய்த சாமானை எங்கள் மழையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் பதில் எழுதினார். பயன்படுத்துவதற்கு நன்றி சொல்லி, சிரமத்துக்கு வருந்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மழையை அளப்பது யார்?

யாருமில்லை. சனிக்கிழமை பின்னேரமே கிளாக்கர் ஐயா ரம்புக்கனையிலுள்ள வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். திங்கள் காலை வந்து, இரண்டு நாள் மழையை ஒரே நாளில் எழுதுவார். பார்க்கவில்லை என்பதற்குத்தான் அவர் கோடு போட்டிருந்தார். நான்தான் அதைச் செக்ரோல் கோடாகப் படித்திருந்தேன். வேலைப் பதிவான செக்ரோலில் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத நாளுக்குக் கோடு விழும். கோடு விழுந்தால் அந்த நாளுக்குப் பேர் இல்லை, கூலி இல்லை, ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த கண், மழைக்கும் பேர் வெட்டிவிட்டது. அளக்காத நாளை வெறுமையாக விடு, பூச்சியம் போடாதே என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அடி மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பெரியவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். சிங்களவர், நல்ல மனிதர், யாரும் கலங்கி நின்றால் தாங்கமாட்டார். "அவுலக் நே, நங்கி," என்றார், ஒரு பிரச்சினையும் இல்லை தங்கச்சி என்பதாக. மென்பொருள் கோளாறு என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் போட்டால் அடுத்த வருஷப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாமாம். ஆள் செய்த பிழை என்றால் அறிக்கையைத் திருப்பி எடுக்க வேண்டும், விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்தில் அதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அந்தக் குளிர் நாட்டு மனிதர் விளக்கம் கேட்டு இரத்தினபுரிக்கு வரப்போவதில்லை. சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர் பழியையும் இலவசமாக வாங்கிக்கொள்ளட்டுமே. யோசனை எனக்குப் பிடித்துப்போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மழை கொட்டியது. லயம் அடிக்குப் போன செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டர் பிழையாகப் போட்டுவிட்டது, அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்றேன். அக்கா பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய், பக்கத்துக் காம்பரா ஆட்களிடம் சத்தமாகச் சொன்னாள்.

"கம்ப்யூட்டருதான் தப்பு பண்ணிருச்சாம். என் தங்கச்சி கையால போட்டிருந்தா இப்பிடி ஆகியிருக்குமா?"

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அவள் உள்ளே வந்ததும், "நான்தான்க்கா போட்டேன்," என்று தொடங்கி, கோட்டையும் பூச்சியத்தையும், கோப்பில் போடவிருந்த குறிப்பையும் சொல்லி முடித்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீதானா?" என்றாள். "அப்ப நல்லதா போச்சு. கம்ப்யூட்டருன்னா நாங்க யாருகிட்ட போயி கேக்குறது? நீன்னா நாளைக்கே போயி மாத்து."

மறுநாள் காலை விளக்கக் கடிதத்தின் முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.