சித்தி கொண்டுவந்த சுவர்

என் மகள் கணினி முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரு கதையை நடத்திக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் கப்பல்காரன். கதையைத் தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் வாரக்கணக்கில் செய்ததெல்லாம் சண்டைதான். அந்த ஊரில் மழை எப்போது பெய்யும், யாரை யார் கொல்லலாம், ஒருவர் வராமல் போனால் அவருடைய பாத்திரத்தை என்ன செய்வது என்று சட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். இதெல்லாம் உங்களுக்கு விளங்காதும்மா என்றாள். எனக்கு விளங்காதாம். அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், இதைவிடக் கடுமையான சட்டங்களோடு ஒரு ஊரையே நடத்தியவர்கள் நாங்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை நட முடியாத ஒரு பெரிய பாறை உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே ஏறிவிடுவோம். பெரியவர்கள் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்வரை பாறை எங்களுடையது. அங்கே நாங்கள் விளையாடியதற்குப் பெயர் ஊர் வைக்கிறது. கற்களை அடுக்கினால் வீடுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று கதை தொடரும்.

எந்த ஊர் என்ற கேள்வியே எழவில்லை. பெரியவர்கள் 'ஊரில்' என்று சொன்னால் அது கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், திருச்சிப் பக்கம் எங்கேயோ இருந்தது. லயத்தில் ஒருவர்கூட அதைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் எங்களைத் திருத்தவும் ஆளில்லை. எங்கள் ஊரில் காலையில் பனிமூட்டம் இறங்கியது. வீடுகள் சரிவில் இருந்தன, ஏனென்றால் சரிவில்லாத தரையில் மழைத்தண்ணீர் எப்படி ஓடும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேலை வாங்குகிற துரை கிடையாது, கங்காணி கிடையாது என்று ஒரே மூச்சில் தீர்மானித்துவிட்டோம். ஆனால் விடியற்காலையில் எல்லாரையும் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு எழுப்புகிற தப்பு மேளத்தை மட்டும் என்ன செய்வதென்று புரியவில்லை. தப்புச் சத்தம் இல்லாமல் ஒரு ஊர் எப்படி விடியும்? கடைசியில் என் அக்காதான் வழி சொன்னாள். தப்பு அடிப்பார்கள், ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய சொர்க்கத்தை எங்களால் யோசிக்க முடியவில்லை.

சட்டங்கள் எல்லாம் அக்காவுடையவை. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், எனக்கு எட்டு. ஊரில் நான் டீச்சர். கீழ் லயத்துப் பையன் ஒருவன் ஒருநாள், டீச்சரைச் சிறுத்தை தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுத் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் அழுத அழுகையில் ஒரு சட்டம் பிறந்தது: சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் யாரையும் சாகடிக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்கள் ஊருக்கு ஏதாவது ஒன்று கொண்டுவர வேண்டும் என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ஒருதரம் சொன்னதைப் பிறகு மாற்ற முடியாது என்பது. சிறுத்தையைக்கூட நாங்கள் மாற்றவில்லை. அது தின்றது டீச்சரின் குடையைத்தான் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். நான் அந்தச் சட்டங்களைப் பக்தியோடு காத்தேன். அக்காவே கொஞ்சம் அசந்தால் அவளையும் பிடித்துவிடுவேன்.

ஊரில் எங்கள் எல்லாருக்கும் மிகவும் பிடித்தது வீடுகள்தான். ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுற்றிவர இடம் விட்டு நின்றது. லயத்தில் அப்படியா? ஒரே கூரை, ஒரே நீளம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். எங்களுக்கு அடுத்த காம்பரா சித்தியுடையது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி அடுத்த கதவுக்கே வந்தவள். நடுவில் ஒரு சுவர்தான். விடியும் முன் அம்மா அகப்பைக் காம்பால் அந்தச் சுவரைத் தட்டுவாள், சித்தி அந்தப் பக்கமிருந்து தட்டுவாள். எழுந்துவிட்டாயா, அடுப்பு மூட்டியாயிற்றா, கொஞ்சம் உப்பு இருக்கிறதா, எல்லாம் அந்தத் தட்டலிலேயே அவர்களுக்குப் புரியும். எங்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம், அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில், எங்களை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் என்ற சொல் எல்லார் வாயிலும் கிடந்தது. இந்த நாடா, இந்தியாவா என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுத்திருந்தது. அப்பா இங்கேயே என்று கொடுத்திருந்தார். சித்தப்பாவின் வீட்டார் இந்தியா என்று கொடுத்திருந்தார்கள், அதுவும் சித்தி அந்த வீட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே. அவர்களுக்குப் போகச் சொல்லி அறிவிப்பு வந்த அன்று அம்மா வாசலில் நின்று தங்கையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னியாடி நீ?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாள் விடியலில் அம்மா சுவரைத் தட்டவில்லை. அந்தப் பக்கமிருந்து சித்தி தட்டினாள். அம்மா கேட்காத மாதிரி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். சில நாளில் சித்தியும் விட்டுவிட்டாள். நானும் அக்காவும் விடிந்தும் தூங்கினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்க வந்த சித்தி, கயிற்றைப் போட்டுவிட்டுப் பாறையில் எங்களோடு உட்கார்ந்தாள். எங்கள் ஊரைக் கல் கல்லாகப் பார்த்தாள். அங்கே குளிருமா என்று கேட்டாள். விடியற்காலையில் கம்பளி இல்லாமல் முடியாது என்று நான் அடித்துச் சொன்னேன். கடைக்கு எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கே பிடிப்பது, அக்கம்பக்கத்து ஆட்கள் பேசுவார்களா என்றெல்லாம் கேட்டாள். எங்கள் விளையாட்டை ஒரு பெரிய ஆள் இவ்வளவு மதிக்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு, என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா என்றாள். ஊருக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று அக்கா சட்டத்தைச் சொன்னாள். சித்தி விரலால் பாறையில் ஒரு கோடு இழுத்தாள்.

"நா ஒரு செவுரு கொண்டு வாறேன் புள்ள. எங்க அக்கா வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல. ஒரே செவுரு."

எல்லாரும் சிரித்துவிட்டோம். துரை இல்லாத, கங்காணி இல்லாத ஊருக்குள் லயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாளே இவள். அக்கா மட்டும் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னாள்.

"அது முடியாது சித்தி. வீடெல்லாம் தனித்தனின்னு சொல்லியாச்சு. சொன்னத மாத்த ஏலாது."

சித்தி வாதாடவில்லை. அப்படியானால் ஒரு முருங்கை மரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எங்கள் குளிரில் முருங்கை வராது. காயைச் சந்தையில் பார்த்ததோடு சரி. எனவே அந்த மரத்தை ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். சித்திக்கு எங்கள் ஊரின் ஆற்றோரம் ஒரு கல்லை வைத்து, சுற்றிவர நிறைய இடமும் விட்டுக் கொடுத்தோம். அம்மாவின் வீடு, அதாவது எங்கள் வீட்டுக் கல், மேலே, பாறையின் மறுகோடியில் இருந்தது. இங்கே நின்று கூப்பிட்டால் அங்கே கேட்குமா என்று சித்தி கேட்டாள். கேட்காது என்று நான்தான் சொன்னேன். ஊரின் அளவுகள் எனக்கு அத்துப்படி.

சித்தி போன அன்று தலவாக்கலை ஸ்டேஷனில் நின்ற கூட்டம் முழுக்க அழுதது. அதனால்தான் அந்த ரயிலுக்கே அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவரை பேசாமலிருந்த அம்மா, சித்தியின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வண்டி நகர்ந்தபோது அப்பாதான் விரல்களைப் பிரித்துவிட்டார். சித்தியின் தோளில் கம்பளி இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்துப் போகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் விடியலில் அகப்பைச் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் மறந்துவிட்டாளோ என்னவோ என்று நினைத்து, அந்தப் பக்கம் யாரும் இல்லையேம்மா என்று ஞாபகப்படுத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அம்மா பாறைக்கு வந்தாள். எங்கள் விளையாட்டை வேலையற்ற வேலை என்று ஏசிக்கொண்டிருந்தவள், தலையில் இருந்த விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு எங்கள் முன்னால் குந்தினாள். எங்களை வீட்டுக்கு விரட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒங்க ஊர்ல சித்தி வீடு எங்கன இருக்கு?" என்றாள்.

ஆற்றோரக் கல்லைக் காட்ட நான் கையை நீட்டினேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய கையாலேயே சித்தியின் கல்லை எடுத்து, பாறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், எங்கள் வீட்டுக் கல்லோடு ஒட்டி வைத்தாள்.

"இந்தா, இங்கதாம்மா. நம்ம வீட்ட ஒட்டி. நடுவுல ஒரே செவுருதான்."

அம்மா இரண்டு கல்லும் சேர்ந்த இடத்தில் விரலை மடக்கி மெதுவாகத் தட்டினாள். பிறகு விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. லயத்துக்கு இறங்குகிற படி முழுக்க அக்காவோடு மல்லுக்கு நின்றேன். சொன்னதை மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டது யார்? சித்தி கேட்டபோது முடியாது என்றவள் யார்? இனி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.