குரவை இல்லாத வெள்ளை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், தேற்றாத்தீவில் ஒரு மண்டபத்தில் நடந்தது இது. நான் நாடகம் படிப்பிக்கும் ஆசிரியை. என்னிடம் படித்து முடித்த பிள்ளைகளைக் கூட்டி ஊரூராக நாடகம் போடுவது என் பைத்தியம். நன்றாகவே போடுவேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த முறை போட்டது ஒரு துயர நாடகம். தங்கையின் கலியாணத்துக்கு முதல்நாள் தோணியில் வாவியைக் கடந்து போன அண்ணன் உயிரோடு திரும்புவதில்லை. கலியாணத்துக்கென்று கட்டிய வெள்ளைத் துணியின் கீழேயே அவனைக் கிடத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட நாடகத்தில் அழுகை கடைசியில் வந்தால் போதும், பயம் முதற்காட்சியிலேயே வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு இடியும் மின்னலும் தேவையில்லை. பழகிய ஒன்றில் எதையாவது குறைத்துவிட்டால் போதும். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டிலும் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவோம், செத்த வீட்டிலும் கட்டுவோம். கலியாண வீடென்றால் வெள்ளை ஏறும்போதே பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். என் முதற்காட்சியில் இரண்டு பெண்கள் பேசாமல் வெள்ளை கட்டுவார்கள். மணப்பெண் வந்து அதன் கீழே தலை குனிந்து நிற்பாள். குரவை வராது. திரைக்குப் பின்னால் தோணி கட்டையில் முட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். இது எந்த வீடு என்று சனம் தவிக்க வேண்டும்.

சிக்கல் மணப்பெண்ணாக நடித்தவளால் வந்தது. அவளுக்கு உண்மையாகவே கலியாணம் பேசி, வைகாசியில் நாள் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலை. அவளுடைய அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாள் வெச்ச புள்ளைய குரவை இல்லாத வெள்ளைக்குக் கீழ நிப்பாட்டப் போறீங்களா டீச்சர்? மாப்பிள்ளை வீட்டார் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

வேறு பிள்ளையைப் போடுவோம் என்று நானும் இறங்கி வந்தேன். அவள்தான் விடவில்லை. "மாமியை நானே வரச் சொல்லியிருக்கன். வந்து பாக்கட்டும். பாத்துப்போட்டு வேணாமெண்டா இப்பவே சொல்லட்டும்" என்றாள். பிடித்தால் குரங்குப்பிடிதான். என்னிடம் படித்தவள் வேறு எப்படி இருப்பாள்!

மாப்பிள்ளையின் அம்மா சொன்னபடி வந்தார். வட்டையில் நெல் வேளாண்மை வெட்டு நடக்கிற நேரம். அதை விட்டுவிட்டு வந்து, மடியில் குடையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அம்மா கொஞ்சம் தள்ளி, நெருப்பில் இருப்பதுபோல இருந்தார்.

திரை விலகியது. எங்கள் மண்டபங்களில் முதற்காட்சியை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. கதிரை இழுபடும், கச்சான் கொட்டை உடைபடும். அன்றைக்கு வெள்ளையின் இரண்டாவது மூலை ஏறும்போதே எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. ஒரு தாய் ஓடித் திரிந்த பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சனத்தைப் பிடித்துவிட்டேன் என்று மேடை ஓரத்தில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெண் வந்து வெள்ளைக்குக் கீழே நின்றாள். தோணி முட்டியது. அப்போதுதான் கவனித்தேன், மண்டபத்தில் பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். நான் பழக்காத இன்னொரு நாடகம் மேடைக்குக் கீழே தொடங்கியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழும்பினார். மடியில் இருந்த குடை தொப்பென்று கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இவர் இப்போது வாசலைப் பார்த்து நடந்தால் அந்தக் கலியாணம் அத்தோடு சரி. மேடையில் நின்றவள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவளுடைய விரல்கள் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தன. அதை நான் பழக்கவில்லை. திரைக் கயிறு என் கையில்தான் இருந்தது. இழுத்திருக்கலாம். இழுக்காமல் முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நடக்கவில்லை. மேடையைப் பார்த்து நின்று, வாயருகே கையை வைத்து, குரவை போட்டார். தனிக் குரல், நீண்ட குரவை. அடுத்தது பெண்ணின் அம்மா, அழுதுகொண்டே போட்டார். பிறகு மண்டபம் முழுக்கப் பெண்கள். வெள்ளை கட்டிய என் நடிகைகள் இரண்டு பேரும்கூட, வேடத்தை மறந்து சேர்ந்துகொண்டார்கள்.

என் முதற்காட்சி போயிற்று, பானை உடைந்தது என்றுதான் நினைத்தேன். இல்லை. தங்கள் வாயால் குரவை போட்ட வீடு அது, இனி அவர்களுடைய வீடு. அண்ணன் துடுப்பை எடுத்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு ஆள் "போகாத மனே!" என்று கத்தினார். அவனை அந்த வெள்ளைக்குக் கீழே கிடத்தியபோது மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்பு எந்த நாடகத்திலும் நான் கேட்டதில்லை.

முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நேரே மேடைக்கு வந்தார்.

"கோவமா அம்மா?" என்று கேட்டேன்.

"கோவமெண்டா எழும்பிப் போயிருப்பன் டீச்சர். ஒரு குமர் வெள்ளைக்குக் கீழ தனிய நிக்கிறா, ஒருத்தரும் வாய் திறக்கல்ல. நாடகமெண்டாலும் பாத்துக்கிட்டு இருக்க ஏலுமா?" என்றார். பிறகு மருமகளாகப் போகிறவள் பக்கம் திரும்பி, "இஞ்ச வாகா, விடிஞ்சதில இருந்து என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். அவ்வளவு நேரமும் நிமிர்ந்து நின்ற என் மாணவி அந்தக் கேள்விக்குத்தான் அழுதாள்.

வைகாசியில் கலியாண வீட்டுக்குப் போனேன். எனக்குக் குரவை வராது. போட்டால் கோழி கொக்கரிப்பது மாதிரி இருக்கும். ஆனாலும் அங்கே வெள்ளையின் முதல் மூலை ஏறியதும் யாருக்கும் முந்தி நான்தான் போட்டேன். உள்ளே அலங்காரத்துக்கு இருந்த மணப்பெண் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

அந்த நாடகத்தை இன்னும் போடுகிறேன். முதற்காட்சியை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். வெள்ளைக்குக் கீழே பெண் நிற்கும் நேரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். நல்ல முதற்காட்சி எது என்று பிள்ளைகள் கேட்டால், பார்க்கிறவருக்கு எழும்பிப் போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்போல இருந்தால் அது நல்ல காட்சி என்று சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் முன்வரிசையில் விழுந்து கிடந்த அந்தக் குடைதான் என் கண்ணில் நிற்கிறது.