நான் மடித்தது விரியணுமே

பாராசூட் மடிப்பது எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதை மாட்டிக்கொண்டு குதித்தவர் தரையில் கால் வைக்கும்வரை வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது சம்பளமில்லாத வேலை. மைசூருக்கு வெளியே ஓர் ஓடுதளத்தில், ஆசைக்கு விமானத்திலிருந்து குதிக்க வருகிறவர்களுக்காக நடக்கிறது எங்கள் முகாம். ஊரார் துணியோடு மாரடிக்கும் இஸ்திரிக்காரர்களே, தையற்காரர்களே, உங்கள் தப்பு திட்டோடு போய்விடும். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

பஸ்ஸா, பாராசூட்டா?

நஞ்சன்கூடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி குதிக்க வந்திருந்தாள். எல்லாரும் கேட்கும் கேள்விதான்: இது ஆபத்தா, ரோட்டில் போவது ஆபத்தா? குதிப்பது ஒரு நாள், ரோடு தினமும்; எதை எதோடு ஒப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே மடித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "விடுங்க அக்கா. எங்க கம்பெனி பஸ் டிரைவர் ஒரு கையில போன் பேசிட்டே ஓட்டறார். நீங்க ரெண்டு கையாலயும் மடிக்கறீங்க."

இருப்பேன்

பாதி மடிப்பில் யாரோ வந்து, டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்டார். கை காட்டிவிட்டுத் திரும்பினால், இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் பிரேக் கயிற்றைச் சரியாகப் பொருத்தினேனா என்று ஞாபகம் வரவில்லை. பொருத்தியிருப்பேன். 'இருப்பேன்' போதுமா? மொத்தத்தையும் பிரித்துப் போட்டேன். விமானம் இரைந்துகொண்டு நிற்கிறது, பைலட் கையை ஆட்டிக் கத்துகிறார், எனக்கு வியர்வை கண்ணில் இறங்குகிறது. அந்தப் பாராசூட்டில் குதிக்கவிருந்த இளைஞர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெதுவா மடிங்க மேடம், எனக்கு மேல அவசர வேலை ஒண்ணும் இல்ல."

அந்தச் சனிக்கிழமை

எங்கள் பயிற்சியாளர் முருகேசன் அண்ணன், ராணுவத்தில் குதித்துப் பழகியவர். வருகிறவர்களைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். அன்று அவரோடு விஜயநகர் பென்ஷன்காரர் ஒருவர். நான் மடித்த பாராசூட் கோணலாக விரிந்து, இருவரையும் பம்பரமாகச் சுற்றியது. அண்ணன் அதைக் கழற்றிவிட்டார். அது காற்றோடு போனது, அவர்கள் நேராக விழுந்தார்கள். "கடவுளே, என் கையால வேண்டாம்" என்று வாய்விட்டு அழுதேன். அவசரத்துக்கென்று முதுகுப் பையில் இருக்கும் இரண்டாவது பாராசூட் விரிந்தது. தரையிறங்கிய பெரியவர் சிரித்த முகமாகக் கேட்டார்: "ரெண்டு குடை விரிச்சுக் காட்டுவீங்கன்னு போன்ல புக் பண்ணப்ப சொல்லவே இல்லையே!"

நாலு மணி

காற்றில் போனதைத் தேடி எடுத்துவந்து, அண்ணனும் நானும் கயிறு கயிறாகப் பார்த்தோம். தப்பு எதுவும் அகப்படவில்லை. எவ்வளவு ஒழுங்காக மடித்தாலும் எப்போதாவது இப்படி ஆவதுண்டு என்றார் அண்ணன். மடிப்பா, காற்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. "நாளையிலேர்ந்து நான் வரலைண்ணா" என்றேன். அவர் உள்ளே போய் வேறொரு பாராசூட்டைக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினார். "நாலு மணிக்கு நான்தான் இதுல குதிக்கணும். மடிம்மா."

மடித்தேன், அவரும் நல்லபடியாக இறங்கினார். ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், ரிங் ரோட்டில் இரண்டாவது குடை கிடையாதே.