சாமிக்கு விட்ட முடி

என் மகனின் தலைமுடியை வெட்டியவள் நான். அவன் இல்லை.

எங்கள் சொந்தபந்தம் முழுவதும் இன்றுவரை அவன்மேல்தான் பழி போட்டிருக்கிறது. போடவைத்தவள் நான்... பெற்றவள்!

கவின் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இறங்கும் வழியெல்லாம் என் கணவர் குலசாமியை வேண்டிக்கொண்டே வந்தார். பிள்ளை பிழைத்தால் ஏழு வயதுவரை கத்திரி படாமல் முடி வளர்த்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மலைக்கோயிலில் இறக்குவதாக வேண்டுதல். பிழைத்தான். முடியும் இடுப்புவரை வளர்ந்தது. மலையில் அதை ஒருவரும் வேடிக்கை பார்த்ததில்லை.

அவனுக்கு ஆறு வயதானபோது எனக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஜீப் ஓட்டும் கணவர், பிறகு வருகிறேன் என்று நின்றுகொண்டார். பிள்ளையோடு நான் போனேன். "புள்ளைக்கு அந்த ஊரு ஒட்டணும், பாத்துக்க" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.

ஒட்டியதா என்று கேட்கிறீர்களா? அவனுக்கு ஒட்டியது! ஆரம்பத்தில் பையன்கள் சடையைப் பிடித்து இழுத்தார்கள். அழுதான். பிறகு ஒருநாள், தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளை வைத்துக்கொண்டு, இது எங்கள் சாமியுடையது, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவன் முடியில் யாரும் கை வைக்கவில்லை.

எனக்குத்தான் ஒட்டவில்லை. பள்ளி வாசலில் ஒருத்தி, உங்கள் மகள் அழகாக இருக்கிறாள் என்றாள். மகன் என்றேன். அவள் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு... அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை! யார் அவள்? அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்காகவா செய்தேன்? நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு, நுனியை மட்டும் சரிசெய்கிறேன் என்று அவனை உட்காரவைத்தேன். சமையலறைக் கத்திரிக்கோலால் கழுத்தோடு வெட்டினேன். சாமிக்கு விட்ட முடியை உருளைக்கிழங்குத் தோலோடு குப்பையில் போட்டேன். "பிள்ளைக்காகத்தானே" என்று எனக்கு வக்காலத்து வாங்காதீர்கள்! பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் வீடியோ காலில் கணவர் அலறினார்.

"இன்னாடி இது? முடி எங்க?"

"நான் குளிக்கப் போன நேரத்துல அவனே வெட்டிக்கினான்."

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

"சாமி முடியில கை வச்சியாடா?" என்று அவர் போனுக்குள்ளிருந்து கத்தினார். கவின் என்னையே பார்த்தான். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அடுத்த கோடையில் ஊருக்கு வந்தோம். தெய்வக் குத்தம் கழிக்க வேண்டும் என்று சொந்தம் கூடியது. ஏழு வயதுப் பிள்ளையை ஈரத்துணியோடு சாமி முன்னால் விழவைத்தார்கள்.

"யார்ரா கை வச்சது? வாயத் தொறந்து சொல்லு" என்றார் பூசாரி.

அவன் என்னைக் காட்டியிருக்கலாம். காட்டித் தொலைக்கட்டும், இத்தோடு முடியட்டும் என்றுகூட நினைத்தேன்...

"நான்தான்" என்றான்.

"குத்தம் பண்ண புள்ளைய நான் எப்டி மடியில வெக்கிறது?" என்று என் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாருடைய மடியிலும் இல்லாமல், தரையில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். அண்ணன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யாருக்கு யார்மேல் ஆத்திரம்! தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு மரம்போல நின்றவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் அவனை அள்ளி மடியில் வைத்திருப்பார். சொல்லவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் கவின் என் தோளில் சாய்ந்திருந்தான். முன்னால் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை என் காதருகே வந்து கேட்டான்.

"அம்மா, நான் இல்லன்னு சாமிக்குத் தெரியும்தான?"

"மெதுவாப் பேசுடா... அப்பா காதுல வுழுந்துடப் போவுது" என்றேன்.