சந்தேகத்தார் சந்தேகப்படாத ஒருவர்

கதவைத் திறந்ததும் அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, செருப்பைத்தான் பார்ப்பார்.

"ஆத்தங்கரைக்குப் போனீங்களோ?"

"இல்லீங்க, குழாயடிச் சேறு."

"ம்... அப்படிச் சொல்றீங்க."

அந்த 'அப்படிச் சொல்றீங்க'வை வாங்காதவர் எங்கள் தெருவில் யாருமில்லை. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர், எனக்கு அடுத்த போர்ஷன். நடுவில் ஒரு மெல்லிய சுவர். தெரு வைத்த பெயர் சந்தேகத்தார்.

பால்காரர் ஊற்றும்போது இவர் அளவைக்குள் எட்டிப் பார்ப்பார். சவரக்கடையில் உட்கார்ந்தால் கடைக்காரரின் கத்தி பிடித்த கையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அபாயச் சங்கு ஊதி ஊரே பதுங்குகுழிக்குள் ஓடும்போதும் கடைசியாகத்தான் இறங்குவார். யார் வரவில்லை என்று பார்க்கவேண்டுமாம். "சண்டைக் காலம் திருடனுக்குத்தாங்க வசதி. எந்தப் பழியையும் குண்டு மேல போட்டுடலாம்" என்பார்.

போன மழைக்காலத்தில் ராணுவ மருந்துக் கிடங்கின் காவலாளி ஓர் இடிபாட்டில் பிணமாகக் கிடந்தார். "குண்டடின்னு முடிச்சுடுய்யா" என்றார் மேலதிகாரி. இவர் பிணத்தருகே குந்தி உட்கார்ந்து பார்த்தார். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். மூக்குக்குள் மட்டும் பொட்டுத் தூள் இல்லை.

"இடிஞ்சப்ப இவர் உள்ள இல்லீங்கய்யா. செத்தவரைக் கொண்டாந்து போட்டிருக்காங்க."

"போர்முனைக்குப் போக ஆசையாய்யா உனக்கு?"

வாயை மூடிக்கொண்டு காவலாளியின் மனைவியிடம் போனார். அந்த அம்மாள் இவரையே நம்பவில்லை. வாசலை மறித்து நின்றபடிதான் பேசினார். "மருந்து பெட்டி பெட்டியா வெளிய போகுதுன்னு சொல்லிட்டிருந்தாரு. அதிகாரிகிட்ட நேராவே கேக்கிறேன்னு போனவருதான். பட்டாளத்து பாட்டிலுக்குக் கழுத்துல சிவப்பு வளையம் இருக்குமாம். வெளிய விக்கிறப்ப சுரண்டிடுவாங்களாம்."

வீடு திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவிக்கு இழுப்பு நோய். எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்தை மாதம் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பவர் இவருடைய தங்கையின் கணவர், அந்தக் கிடங்கின் அதிகாரி. பாலையும் கத்தியையும் என்னையும் சந்தேகப்பட்ட மனிதர், மாப்பிள்ளையை மட்டும் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கழுத்தில் கத்தி சுரண்டிய தடம். இடுக்கில் கொஞ்சம் சிவப்பு.

"இது எங்கேருந்து வருதுன்னு கேட்டிருக்கியா?"

"கிடைக்குதேன்னு கும்பிட்டுக்கிட்டிருக்கேன். உங்க சந்தேகப் புத்தியால என் மூச்சுக்கு உலை வெச்சிடாதீங்க."

காலி பாட்டில்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, மருந்து மிச்சமிருந்ததை மனைவியின் தலைமாட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாப்பிள்ளையை அலுவலகத்திலேயே வைத்துக் கைது செய்தார். "விளையாடாதீங்க மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தாராம். கிடங்கு லாரி ஓட்டுநர், மாப்பிள்ளை சொல்லித்தான் பிணத்தை ஏற்றிப்போனதாக ஒப்புக்கொண்டார். என்ன பயன்? வாரம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வெளியே வந்துவிட்டார். கிடங்குக் கொள்ளையின் பங்கு எந்த உயரம்வரை போகிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஓட்டுநரைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். இவருக்குப் பாலத்துச் சோதனைச் சாவடியில், கடைநிலைக் காவலர்களோடு வெயிலில் நிற்கும் வேலை.

தங்கை இந்த வாசலை மிதிப்பதில்லை. மனைவி ஆவி பிடித்துச் சமாளிக்கிறார். வெந்நீர் போடுவது இவர்தான். அந்த இழுப்புச் சத்தம் எனக்கும் கேட்கிறது. "ரொம்ப முடியலையா?" என்று ஒருநாள் இவரிடம் விசாரித்தேன். "கோபம் மட்டும் குறையலீங்க" என்றார். அது யாருடைய கோபம் என்று நான் கேட்கவில்லை.

சென்ற வாரம் பாலத்தைக் கடக்கும்போது அவரைப் பார்த்தேன். பளபளப்பான கார் ஒன்று வந்தது. மற்றக் காவலர்கள் சலாம் வைத்தபடி தடுப்புக்கட்டையைத் தூக்கப் போனார்கள். இவர் கையை நீட்டித் தடுத்தார். கார்க் கண்ணாடி இறங்கியது.

"மச்சான், நான்தான்."

"தெரியுது. இறங்கி டிக்கியத் திறங்க மாப்பிள்ளை."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. "விட்டுடுங்க சார், வம்பு" என்று ஒரு காவலர் காதோரம் கெஞ்சினார். சந்தேகத்தார் தடுப்புக்கட்டையின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினார்.