எமர்ஜென்சி என்றால் மேலே வருவது

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் கடற்பாசிக் கொட்டகைக்கு இரண்டே கதவுகள். இரண்டிலும் ‘எமர்ஜென்சி எக்ஸிட்’ என்று பச்சை எழுத்து. அப்படியானால் சும்மா வெளியே போகிறவர் எந்த வழியாகப் போவார் என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு. ஏர்வாடிப் பக்கம் எங்கள் ஊரில் எமர்ஜென்சி என்றால் பெரியாஸ்பத்திரி வார்டு ஒன்றுதான். சொல்லைக் கேட்டாலே ஆட்டோ பிடிக்க ஓடுவோம்.

அந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது. பாசியை உலர்த்திக் கட்டுவது என் வேலை, ஆசையெல்லாம் படகின் மேல். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அம்மாவோடு கடலில் முங்கிப் பாசி பறித்தவளைக் கரையில் உட்கார வைத்தால் பொறுக்குமா? படகில் ஏறப் பாதுகாப்புத் தேர்வு உண்டு. போனேன்.

“எமர்ஜென்சி. ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டார். முதலில் என்ன செய்வீர்கள்?” என்றார் தேர்வு அதிகாரி.

“குதிப்பேன்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“அப்படியானால் நான் இரண்டு பேரைத் தேட வேண்டும்.”

“எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், சார்.”

“இந்தக் குளிருக்கு அது தெரியாதே” என்று பேனாவை மூடினார். தோற்றுப்போனேன்.

அந்த ஆத்திரத்தில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் முங்குவது. முன்னால் ஒட்டியிருக்கும் ‘எ’, ‘எக்ஸ்’ என்பதன் குறுக்கம். வெளியே என்று பொருள். எக்ஸிட்டில் இருப்பதும், எங்கள் ஊர் நண்டுக் கம்பெனி வாசலில் எழுதியிருக்கும் எக்ஸ்போர்ட்டில் இருப்பதும் அதுவே. ஆக, முங்கிக் கிடந்தது மேலே வருவதுதான் எமர்ஜென்சியின் மூலம்! இது என்ன கூத்து? மேலே வருவதைப் போய் ஆபத்து என்கிறார்களே. எங்களுக்கு அதுதானே உயிர்.

அப்போதுதான் முனீஸ்வரி நினைவுக்கு வந்தாள். என் வயதுக்காரி, எங்களோடு பாசிக்கு வருபவள். எங்கள் பெண்கள் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி முங்கினால் மற்றவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறை அம்மா மேலே வரத் தாமதமானது. பாயப்போன என்னைச் சடையைப் பிடித்து இழுத்தாள் முனீஸ்வரி. “ஏடி, நீயும் முங்கிட்டா ரெண்டு பேரையும் யாரு தேடுறது? அங்கனயே பாரு, கண்ண எடுக்காத!” சற்றுத் தள்ளி அம்மாவின் தலை தெரிந்தது. இதை எப்படி மறந்தேனோ, என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுமுறையும் அதே அதிகாரி, அதே கேள்வி.

“குதிக்கமாட்டேன். சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிடுவேன். ஒருவர் விழுந்தவரை விரலால் காட்டியபடி கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். இன்னொருவர் மிதவை வீச வேண்டும்.”

“பிரமாதம். எங்கே படித்தீர்கள்?”

“முனீஸ்வரி.”

“நல்ல பயிற்சிப் பள்ளி போலிருக்கிறது” என்று கையெழுத்துப் போட்டார். நான் திருத்தவில்லை. வெளியே வந்து, யார் பார்த்தால் என்ன என்று ஒரு குதி குதித்தேன்.

இப்போது நான் படகுக்காரி. இங்கே காலையில் நாங்கள் கிளம்பும்போது ஊரில் உச்சிவெயில் தாண்டியிருக்கும், அம்மா பாசி மூட்டையோடு கரையேறும் நேரம். கரையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். “எமர்ஜென்சியா?” என்பார் படகோட்டி. “ஆமாம்” என்பேன். போன் அடிக்கும். “வந்துட்டேன்த்தா” என்பாள் அம்மா, மூச்சு வாங்க. அதன்பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன்.