குஞ்சம் கம்பெனியின் மூன்று கூட்டாளிகள்

குழந்தைகள் தொழில் தொடங்கும் கதை ஒன்று வேண்டும் என்று சென்னையில் ஒரு பதிப்பகத்தில் கேட்டார்கள். கேட்டவர் அங்கே ஆசிரியர். என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர்.

"மூணு ஃப்ரெண்ட்ஸ், சம்மர் லீவ், ஒரு சின்ன பிசினஸ். நடுவுல ஒரு ப்ராப்ளம். கடைசில எல்லாரும் சேர்ந்து ஜெயிச்சிடறாங்க. டீம் ஒர்க் வரணும் மேடம்."

வரவழைத்துவிடலாம் என்றேன். பேசும் முயல், அழும் மரம், திருந்திய நரி எல்லாம் எழுதிப் பிழைக்கிறவள் நான். டீம் ஒர்க் எம்மாத்திரம்?

தொழில் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பேரம் பேசினால் விலை ஏறும். ஆனால் இப்போது தொழில் தெரியாதவர்கள்தான் ஊர் முழுக்கத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். என் மகளின் பள்ளியில் குட்டித் தொழிலதிபர் தினம் என்று ஒன்று வைக்கிறார்கள். அப்பாக்கள் லீவு போட்டுவிட்டு பேல்பூரிக்கு வெங்காயம் நறுக்குவார்கள், அம்மாக்கள் விற்பார்கள், வாங்குவது மற்ற வகுப்பு அம்மாக்கள். பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். குழந்தை வேலை செய்தால் சட்டப்படி குற்றம், குழந்தை முதலாளியானால் கேடயம். எங்கள் எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே இந்தக் கேடயமெல்லாம் கிடையாது.

எங்களுடையது பட்டு நெய்கிற ஊர். எதிர்வீட்டில் இரண்டு தறி. அவள் அப்பா நெய்கிறார், அம்மா முந்தானை ஓரத்து நூலைப் பிரித்துக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறாள். அந்தப் பெண்ணும் என் மகளும் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து சிநேகிதம். மூன்றாவது ஆள் தெருமுனைப் பெரிய வீட்டுப் பையன். அவன் அப்பா தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, சேலையாக வாங்கி, கடைகளுக்கு அனுப்புகிற முதலாளி. எதிர்வீட்டுக்காரரும் அவருக்குத்தான் நெய்கிறார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் கணக்கில்லை, மூன்று பேரும் ஒரே சைக்கிளில் விழுந்து எழுந்தவர்கள்.

கோடை விடுமுறையில் ஒரு மதியம், முதல் அத்தியாயத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நண்பர்கள் எலுமிச்சை ஜூஸ் கடை போடுகிறார்கள்.

"எலுமிச்சம்பழம் யாரு குடுத்தா ஆன்ட்டி?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பெண்.

"ஐஸுக்கு அட்வான்ஸ் குடுத்தாங்களா?" என்றான் பையன்.

"அம்மா அதெல்லாம் எழுத மாட்டாங்கப்பா," என்று என் மகள் என் மானத்தைக் காப்பாற்றினாள்.

அன்று சாயங்காலமே, என் கதையை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, அவர்களே கம்பெனி தொடங்கிவிட்டார்கள். பள்ளிப் பை ஜிப்பில் தொங்கவிடும் பட்டுக் குஞ்சம்தான் சரக்கு. மிச்சமாகிற நூல் பையன் வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. முடிச்சுப் போடத் தெரிந்தவள் எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான். அம்மா கட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய விரல்.

எங்கள் மொட்டை மாடியில் நடந்த முதல் கூட்டத்தில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் கடைல உக்காருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அது சும்மா வந்த ஆசை இல்லை. அவள் அப்பா நெய்யும் சேலை எந்தக் கடைக்குப் போகிறது, எந்தக் கல்யாணத்தில் யார் கட்டுகிறார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மடித்துக் கொடுப்பதோடு சரி. இந்த ஊரில் பெரிய வேலை என்றால் பாயில் உட்கார்ந்து, வந்தவர்கள் முன்னால் சேலையை விரித்துக் காட்டுவதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் துண்டை விரித்து விரித்துப் பழகுவாளாம், அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மற்ற இருவரும் சரி, நீயே உட்காரு என்றார்கள். மூன்று பேரும் சமம் என்று கைமேல் கை வைத்து அடித்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் அதைக் கதையில் சேர்த்தேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. மறுநாள் எங்கள் மாடிப்படிக்குப் பையன் நூலோடு அவன் வீட்டுச் சமையலறைத் தராசையும் தூக்கிக்கொண்டு வந்தான். நூலை எடை போட்டுக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துக் குஞ்சம் வந்தபோது அதையும் எடை போட்டான்.

"குறையுதே," என்றான்.

"முனை வெட்டினேன்ல, அந்தத் தூசிதான்," என்றாள் அவள். துண்டு நூலைப் பொட்டலம் கட்டி எடுத்தே வந்திருந்தாள். அவள் வீட்டில் சேலை கொடுக்கப் போகும்போது அப்படித்தான் பழக்கம். சந்தேகப்படுகிறானே என்று அவளுக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து அவளுக்கு ஒரு புது ஜியாமெட்ரி பாக்ஸ் வந்தது. அட்வான்ஸாம். "அட்வான்ஸ் வாங்கினா வேற யாருக்கும் கட்டிக் குடுக்கக் கூடாது," என்று பையன் சொன்னான். "தெரியும்பா," என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

என் மகள் சும்மா இருப்பாளா? முனை வீட்டில் நூலை வாங்கி எதிர்வீட்டில் கொடுப்பது, எதிர்வீட்டில் குஞ்சத்தை வாங்கி முனை வீட்டில் கொடுப்பது, என் போனில் ஸ்டேட்டஸ் வைத்து ஆள் பிடிப்பது. ஒவ்வொரு குஞ்சத்துக்கும் இவளுக்கு ஒரு பங்கு. எதுக்குடி உனக்கு என்று கேட்டேன்.

"நான் நடுவுல இருக்கேன்லமா," என்றாள்.

இந்த ஊரில் நடுவில் இருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் "கோயிலா, சேலையாம்மா?" என்று கேட்டு, கோயில் என்று சொன்னாலும் கடை வாசலில் இறக்கிவிடும் ஆட்டோக்காரர்கள் நிறைந்த ஊர். அவர்களோடு சேர என் வயிற்றிலும் ஒன்று பிறந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து எங்கள் ஊரின் மொத்தப் பட்டுத் தொழிலையும் மாடிப்படியில் நடத்திக் காட்டிவிட்டார்கள். ஒன்றுதான் குறை. கடையில் உட்கார வேண்டியவள் உட்காரவே இல்லை. பையன் வீட்டு போர்டிகோவில் ஸ்கூட்டரை நகர்த்திப் பாய் போட்டிருந்தார்கள், பையனும் என் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னிக்கு நான் வரட்டா?" என்று அவள் தினமும் கேட்பாள். "இந்த ஆர்டர் முடியட்டும்பா," என்பார்கள். அவளும் போய்க் கட்டுவாள். கடைக்கு மேலே என் மகளின் குண்டுக் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'செய்பவரிடமிருந்து நேரடியாக.' ஊரில் எல்லாக் கடையிலும் அப்படி ஏதாவது எழுதியிருக்கும், அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். முதலில் சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் கோபமும் வந்தது.

மூவரையும் உட்காரவைத்து என் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தேன். அதில் நண்பர்கள் எல்லா வேலையையும் முறைபோட்டுச் செய்கிறார்கள்.

"சமம்தான் ஆன்ட்டி," என்றான் பையன், மரியாதையாக. "ஆனா தொழில்னா இப்படித்தான்."

எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "மூணு பேரும் கடைல உக்காந்துக்கினு இருந்தா, ஜூஸ் யாரு ஆன்ட்டி போடறது?"

என் கதையில் 'ஜூஸ் தயாரானது' என்று ஒரு வரி இருந்தது. யார் போட்டார்கள் என்று எழுதியவளுக்கே தெரியாது. அந்த வாரம் பதிப்பகத்துக்காரர் போன் செய்து, நடுவில் என்ன ப்ராப்ளம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு பெண் கடையில் உட்காரணும்னு கேட்கிறாள், விடமாட்டேங்கிறார்கள் என்றேன். "அது ஒரு ப்ராப்ளமா மேடம்? மழை வர்ற மாதிரி ஏதாவது வையுங்களேன்," என்றார்.

வைகாசியில் கருட சேவை வந்தது. பெருமாள் கருடன்மேல் வருவதைப் பார்க்க விடிவதற்கு முன்பே ஊர் நிறைந்துவிடும். ஐயம்பேட்டை, முசரவாக்கம் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வருவார்கள். பையனின் பெரிய வீட்டு வாசல் வழியாகத்தான் கூட்டம் திரும்பும். அன்றைக்குக் கட்டாயம் நீதான் உட்காருகிறாய் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். நானும் கூட இருந்தேன், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சம்பளமில்லாத வேலையில்.

அவள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு வந்தாள். கையில் கடைசியாகக் கட்டிய குஞ்சங்கள் ஒரு பையில். பையன் பையை வாங்கினான். வாங்கினவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இரண்டை ஒதுக்கி வைத்தான். "இதுல முடிச்சு சரியில்ல. கழிவு."

என் மகள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரக்கு பத்தாதுபா. மதியத்துக்குள்ள இன்னும் கொஞ்சம் கட்டிக் குடுத்துடு. சாயங்காலம் நீ உக்காரு."

சாயங்காலம் கூட்டமே இருக்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். விற்கிறவர்கள் பக்கம் இல்லை. வாங்க வருகிறவர்கள் உட்காரும் பக்கம்.

"காட்டுங்க," என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து மற்ற இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அந்த மயில் கழுத்து கலரு. அது இல்ல, அதுக்குக் கீழ." என் மகள் எடுத்துக் காட்டினாள். வேண்டாம் என்றாள். இன்னொன்று காட்டினாள். அதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் பாயில் கலைத்துப் போடவைத்தாள்.

"சாயம் போவுமா?"

"போகாது மேடம்," என்று என் மகள் வாயிலிருந்து வந்துவிட்டது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கூட இருந்தவளைப் பார்த்து மேடம் என்கிறாள்.

"யாரு செஞ்சது?"

பையன் யோசிக்கக்கூட இல்லை. அப்பா சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போனது. "எல்லாம் நம்ம ஆளுங்க செய்யறதுதான்."

அவள் கையில் இருந்த குஞ்சத்தைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்றாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வேற கடை பாத்துட்டு வரேன்."

கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டாள். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம், கைதட்டத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் என் மகள் ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்று அழுகிறாள். பெற்ற வயிறு, அதுவும் சேர்ந்து அழுதது. மறுநாள் ஜியாமெட்ரி பாக்ஸ் திரும்பி வந்தது, பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறாள். "அட்வான்ஸைத் திருப்பிட்டாளே," என்று பையன் மெதுவாகச் சொன்னான். அட்வான்ஸ் திரும்பினால் உறவு தீர்ந்தது என்று அவன் வீட்டில் அர்த்தம். என் மகள் எதிர்வீட்டு வாசலுக்கு எத்தனையோ தடவை போனாள், வந்தாள். அந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீ சொன்னா கதை மாதிரி இருக்கும்மா, வேணாம்," என்றாள் மகள்.

சில நாளில் எதிர்வீட்டு வாசலில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே துணி விரித்து, புதுக் கடை வந்தது. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதே வாரத்திலிருந்து மதியம் ஆனால் என் மகளைக் காணோம். தேடிப் போனால், உள்ளே தறிக்குப் பக்கத்தில் காலை மடித்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். விரலெல்லாம் சிவந்திருந்தது.

"பேசிட்டாளா?" என்றேன்.

"வேலை குடுத்திருக்கா," என்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆள் மாறினாலும் தொழில் மாறவில்லை, உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. அந்தக் கோபத்தோடே வாசலுக்கு வந்தேன்.

"சும்மா பாத்துட்டுப் போவாதீங்க ஆன்ட்டி, உக்காருங்க," என்று எதிர்வீட்டுப் பெண் ஒரு குஞ்சத்தை எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். உண்மையிலேயே அழகாகக் காட்டினாள், ஒரு விரலால் நூலை நீவிவிட்டு.

"யாரு செஞ்சதுமா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கையில் நூலோடு வந்து நின்றவளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இவ செஞ்சது ஆன்ட்டி. முடிச்சு கோணலா இருக்குது, அதனால விலை கம்மி."